அல்கோன்குவினில் முதல் கனூ முகாம்: கொசுவைச் சமாளிப்பது எப்படி?

டொராண்டோவிலிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரம் போனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்கா வந்துவிடும். 1893-இல் உருவானது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, அதற்குள் 2,400-க்கும் அதிகமான ஏரிகள். கனூ என்ற ஒடுக்கமான சிறு படகில் துடுப்பு போட்டு, ஏரி ஏரியாகத் தாண்டி, சாலையே இல்லாத கரையில் டென்ட் அடித்துத் தங்க நம்மவர்களும் இப்போது நிறையப் போகிறார்கள். முதல் தடவை போய்வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பலரும் ஏரியைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொசுவைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

"கொசுவா? கூவம் கரையில் வளர்ந்தவன்டா நான்" என்று தைரியமாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஊரில் கொசு இருந்தது சரி. சுவரும் இருந்தது, ஜன்னலில் வலையும் இருந்தது, தலைக்கு மேல் மின்விசிறியும் சுற்றியது. காட்டில் இவை எதுவும் கிடையாது. கொசு பேட்டுக்குச் சார்ஜ் போட முடியாது, லிக்விடேட்டர் சொருக பிளக் கிடையாது. அதனால் எந்த மாதம் போவது, எந்தக் கரையில் தங்குவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இவற்றைச் சரியாகச் செய்தால் முக்கால்வாசி கொசு உங்கள் பக்கம் வராது. மீதிக்குத்தான் மருந்து.

ஒரு கவலையை முதலிலேயே தீர்த்துவிடலாம். இந்தக் காட்டில் டெங்கு, மலேரியா பயம் இல்லை. (ஒரு காலத்தில் ஒன்டாரியோவிலும் மலேரியா இருந்தது. 1826 முதல் 1832 வரை ரிடோ கால்வாய் வெட்டிய தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அதற்குப் பலியானார்கள். அது பழைய கதை.) கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் ஒன்டாரியோவில் உண்டு, ஆனால் பெரும்பாலும் தெற்கே நகரங்களை ஒட்டி, கோடையின் பிற்பகுதியில். ஆக, அல்கோன்குவினில் கொசு பெரும்பாலும் ஒரு தொல்லைதான். ஆனால் முகாமையே பாதியில் கலைக்க வைக்கும் அளவுக்குத் தொல்லை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு இதுதான். அதை வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பிளாக் ஃப்ளை காலம். கொசுவைவிடச் சிறிய, கூன் விழுந்த மாதிரியான கறுப்பு ஈ. ஓடும் தண்ணீரில் வளரும், பகலில் மட்டும் கடிக்கும். சத்தம் போடாது, கடித்த அந்த நேரத்தில் வலியும் தெரியாது. காதுக்குப் பின்னாலும் முடி தொடங்கும் இடத்திலும் ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும், அடுத்த நாள் அந்த இடம் வீங்கிவிடும்.

கொசு மே கடைசியில் ஆரம்பித்து, ஜூன் முழுக்க உச்சத்தில் இருந்து, ஜூலை நடுவுக்குப் பிறகு குறையத் தொடங்கும். இங்குள்ள கொசுக்களில் பல வகை போன கோடையிலேயே காட்டுத்தரையில் முட்டையிட்டுவிடுகின்றன. அந்த முட்டைகள் பனிக்காலம் முழுக்கக் கிடந்து, பனி உருகித் தேங்கும் குட்டைகளில் ஒரே சமயத்தில் பொரிகின்றன. அதனால்தான் கோடையின் தொடக்கத்தில் அப்படி ஒரு படையெடுப்பு. குட்டைகள் வற்றிவிட்டால் அந்த வகைகளுக்கு அந்த வருடம் அடுத்த தலைமுறை இல்லை. ஜூலையில் டியர் ஃப்ளை என்ற கடிக்கும் ஈ வேறு வந்து தலையைச் சுற்றிச் சுற்றி வரும். தொப்பி போட்டால் சமாளித்துவிடலாம்.

ஆகவே முதல் பயணத்துக்கு ஆகஸ்ட்தான் என் பரிந்துரை. ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறை என்பதால் அந்த நீண்ட வார இறுதியிலிருந்தே தாராளமாகப் போகலாம். செப்டம்பரில் கொசு அநேகமாக இருக்காது, ஆனால் இரவுக் குளிருக்கு நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும். கனடா தினத்தை ஒட்டி லீவு கிடைக்கிறதே என்று ஜூலை முதல் வாரத்தில் குழந்தைகளோடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

படி 2: துணி

வெளிர் நிறம், தொளதொள அளவு, நெருக்கமாக நெய்த நைலான். இந்த மூன்றும் போதும். அடர் நிறங்கள், முக்கியமாகக் கறுப்பும் கருநீலமும், கொசுவையும் பிளாக் ஃப்ளையையும் இழுக்கும். உடம்போடு ஒட்டும் லெகிங்ஸ் வேண்டவே வேண்டாம். அதற்கு மேலிருந்தே கொசு கடிக்கும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிரும். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் சொருகுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், உண்ணி ஏறாமலும் அது தடுக்கும்.

தலையையும் முகத்தையும் மூடும் தலைவலை ஆளுக்கு ஒன்று கட்டாயம். விலை குறைவு, மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். கறுப்பு வலையாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை வலை வெயிலில் கண் கூசும், வெளியே ஒன்றும் தெரியாது. விளிம்பு வைத்த தொப்பிக்கு மேல்தான் போட வேண்டும். முகத்தில் ஒட்டினால் வலைக்கு மேலிருந்தே கடித்துவிடும். ஜூன், ஜூலையில்தான் போக முடியும் என்றால் முழு வலைச் சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: மருந்து

கனடாவில் கிடைப்பவற்றில் நம்பத்தக்கவை இரண்டு: டீட், இக்காரிடின். டீட் 1940-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது. நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை அரிக்கும். கண்ணாடி ஃப்ரேம், வாட்ச், துடுப்பின் வார்னிஷ் எல்லாம் பாழாகும். 20% இக்காரிடினில் அந்தத் தொல்லை இல்லை, பிசுபிசுப்பும் நாற்றமும் குறைவு. நான் அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த மருந்தும் கூடாது, வலை மட்டும்தான். ஆறு மாதத்துக்கு மேல் இக்காரிடின் போடலாம். டீட் என்றால் 12 வயது வரை 10%-க்கு மேல் வேண்டாம்: இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று முறை வரை. பெரியவர்களுக்கு 30% போதும். சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். வியர்த்தாலோ நனைந்தாலோ அதற்கு முன்பே மறுபடி பூச வேண்டும்.

முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. துணிக்கு உள்ளே மறையும் தோலில் பூச வேண்டாம். முகத்தில் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், உள்ளங்கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவில் கை வைக்கக் கூடாது. அந்தக் கழுவலும், குளிக்கும் முன் உடம்பில் உள்ள மருந்தைத் துடைப்பதும் ஏரிக்குள் நடக்கக் கூடாது. பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து 30 மீட்டராவது உள்ளே போய்ச் செய்யுங்கள்.

பூண்டு சாப்பிட்டால் கொசு வராது, வைட்டமின் பி மாத்திரை போட்டால் வராது என்பதெல்லாம் சோதனையில் நிற்கவில்லை. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து பூசுவதை என் அம்மா இன்னும் நம்புகிறார். அம்மாவின் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை, பையில் இக்காரிடினையும் வைத்துவிடுகிறேன்.

பூங்காவின் உட்பகுதிக்கு உணவு, பானம் அடைத்த டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகத் தடை உண்டு. கொசு மருந்து டப்பாவுக்கு அந்தத் தடை இல்லை.

படி 4: போர்ட்டேஜ்

நடு ஏரியில் கொசு இருக்காது. பிரச்சினை, ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கும் போர்ட்டேஜில்தான். இரண்டு கையும் கனூவில் இருக்கும். மூச்சு வாங்கும், கொசு தேடி வருவதே நாம் விடும் கரியமில வாயுவையும் வியர்வையையும் உடல்சூட்டையும்தான். கவிழ்த்த கனூவுக்கு அடியில் காற்றும் வராது. அங்கே உங்கள் தலையும் பத்துப் பதினைந்து கொசுவும் மட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கரை சேரும் முன், தண்ணீரில் இருக்கும்போதே மருந்தைப் பூசி, சட்டைக் கையை இறக்கிவிட்டு, தலைவலையைப் போட்டுவிடுங்கள். கரையிறங்கிய பிறகு பைக்குள் தேட ஆரம்பித்தால் தாமதம். சாமானைக் குறைவாக எடுத்துப்போவதும் ஒரு கொசுத் தடுப்புதான். ஒரே நடையில் தூக்க முடியாமல் இரண்டு நடையாகத் தூக்கினால், திரும்பி வருவதையும் சேர்த்து மூன்று மடங்கு தூரம் காட்டுக்குள் நடக்கிறீர்கள். முதல் பயணத்துக்குக் கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குப் போகும் வழி நல்லது. போர்ட்டேஜ் சுமார் 300 மீட்டர்தான், பாதையும் அகலம். மதியச் சாப்பாட்டைப் போர்ட்டேஜ் முனையில் வைத்துக்கொள்ளாமல், மறுபடி ஏரிக்குள் இறங்கிக் கனூவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: காற்று வரும் இடம்

அல்கோன்குவினின் உட்பகுதியில் நீங்கள் முன்பதிவு செய்வது ஏரியைத்தான், குறிப்பிட்ட முகாம் தளத்தை அல்ல. டென்ட் படம் போட்ட ஆரஞ்சு நிறப் பலகை இருக்கும் தளங்களில் எது காலியோ அதை எடுத்துக்கொள்ளலாம். முந்தி வந்தவருக்கு நல்ல இடம். அதனால் மதியம் இரண்டு மணிக்குள் ஏரியை அடையுங்கள்.

எதை எடுப்பது? வீட்டில் மின்விசிறி பார்த்த வேலையை இங்கே ஏரிக்காற்று பார்க்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றடித்தால் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது, நம் மூச்சின் தடமும் கலைந்துவிடும். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். எனவே ஏரியின் கிழக்குக் கரையில், மேற்கு நோக்கித் திறந்திருக்கும் தளம். ஏரிக்குள் நீண்டிருக்கும் பாறை முனை. அல்லது ஒரு தீவு. பைன் மரமும் வெறும் பாறையுமாக, தரை காய்ந்திருந்தால் மிகவும் நல்லது. நீரோடை வந்து சேரும் மூலை, பீவர் என்ற விலங்கு அணை கட்டிய குட்டை, பாசி படர்ந்த தாழ்ந்த நிலம் இவற்றின் பக்கம் வேண்டாம். நாலாபுறமும் மரம் சூழ்ந்த உட்குடாவில் இருக்கும் தளம் படத்தில் மிக அழகாக வரும். சாயங்காலம் அங்கே உட்கார முடியாது.

திறந்த முனையில் தங்கினால் டென்ட் கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள், கனூவையும் கவிழ்த்து மரத்தோடு கட்டிவிடுங்கள். இடி மழை வந்தால் அந்த முனையில் நிற்க வேண்டாம்.

படி 6: சாயங்கால அட்டவணை

சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னிருந்து, மறைந்த பின் ஒரு மணி நேரம் வரைதான் கொசு உச்சம். ஜூலை தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும், ஆகஸ்ட் கடைசியில் எட்டு. அந்த நேரம் வருவதற்குள் வெளி வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். இதில்தான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வரும். எட்டரைக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால் கொசுவுக்கு விருந்து. ரவையை வீட்டிலேயே வறுத்து, தாளித்த பொருளையும் சேர்த்துப் பையில் கட்டிக்கொண்டு போனால் கால் மணியில் உப்புமா. புளிக்காய்ச்சல் எடுத்துப்போனால் சோறு வடித்துக் கிளறினால் போதும். ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவியாக வேண்டும். அப்புறம் உணவுப் பை. கரடிக்கு எட்டாமல் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிட வேண்டும். கயிறு வீசிக் கிளையில் மாட்டுவது முதல் தடவையில் நடக்காது, இருட்டில் கொசுக்கடியோடு அதைச் செய்வது கொடுமை. பகலிலேயே கயிற்றை மாட்டி வைத்துவிடுங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், கொசு மருந்து எல்லாம் வாசனைப் பொருள்கள். படுக்கப் போகும் முன் அவையும் அந்தப் பைக்குள்தான் போக வேண்டும்.

இன்னொன்று தண்டர்பாக்ஸ். ஒவ்வொரு தளத்துக்கும் பின்னால் காட்டுக்குள் மூடி வைத்த ஒரு மரப்பெட்டி இருக்கும். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அதுதான் கழிப்பறை. கொசு எங்கெங்கே கடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடியவரை வெயில் நேரத்தில் போய்வாருங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன்பே மருந்து பூசிக்கொண்டு, வேலையைச் சட்டென்று முடியுங்கள்.

நெருப்புப் புகை உதவுமா? புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் உதவும். தீத்தடை அறிவிப்பு இல்லாதபோது சிறிய நெருப்பு போட்டு, காய்ந்து விழுந்த விறகை மட்டும் எரிக்கலாம். பச்சை மரத்தை வெட்டக் கூடாது. கொசுவர்த்திச் சுருளும், பியூட்டேனில் இயங்கும் தெர்மாசெல் என்ற கொசு விரட்டும் சிறு கருவியும் காற்றில்லாத சாயங்காலத்தில் நன்றாகவே வேலை செய்யும். டென்டுக்குள் மட்டும் எதையும் கொளுத்தாதீர்கள்: புகை மூச்சுக்கு ஆகாது, டென்ட் துணி நொடியில் பற்றும். ஐந்தாறு பேர் போகிறீர்கள் என்றால், சுற்றிலும் வலை வைத்த தார்ப்பாய்க் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு விளையாட, டீ குடிக்க, மழைக்கு ஒதுங்க எல்லாவற்றுக்கும் ஆகும்.

படி 7: டென்டுக்குள்

ஜிப்பைப் பகலிலும் திறந்து வைக்காதீர்கள். உள்ளே போகும்போது வெளியே நின்று துணியைத் தட்டிவிட்டு, கால் பக்கம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொருவராக நுழைந்து உடனே மூடுங்கள். எல்லோரும் உள்ளே வந்ததும் ஹெட்லேம்ப்பை உள்சுவரில் அடித்து, கூடவே வந்த நாலைந்தைத் தீர்த்துக்கட்டினால் நிம்மதி. தூக்கத்தில் கை கால் வலையில் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே கடிக்கும், கொஞ்சம் தள்ளிப் படுங்கள். பிளாக் ஃப்ளை உள்ளே வந்துவிட்டால் பயம் வேண்டாம். அது கடிப்பதை விட்டுவிட்டு வெளியே போக வழி தேடித் துணியில் ஏறிக்கொண்டிருக்கும்.

படி 8: கடித்த பிறகு

சொறியாதீர்கள் என்றால் யார் கேட்கப் போகிறீர்கள்? ஏரித் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பு அடங்கும். 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் செடிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் முதலுதவிப் பையில் இருக்கட்டும். குழந்தைகளின் நகத்தைக் கிளம்பும் முன்பே வெட்டிவிடுங்கள். கண் இமையில் கடித்தால் காலையில் கண்ணே திறக்காத அளவுக்கு வீங்கலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உதடோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசரம், எபிபென் (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி என்று எல்லா இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அதற்குப் பிறகு 30 நாட்களுக்குள் கடித்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயாக இருக்கலாம். எந்தத் தேதியில் எங்கே முகாமிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.