கிரவுன் கத்துகிறது என்று முடிவு கட்டும் முன்

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஊஊ’ என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிரவுன் போச்சு சார், செட்டா மாத்தணும்” என்கிறார்கள். கிரவுன் என்பது பின் ஆக்சிலின் நடுப்பெட்டியான டிஃபரன்ஷியலில் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதே ஊளையைப் போடக்கூடிய சாமான்கள் இன்னும் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் சில, கிரவுன் செட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாதவை.

நான் இதில் பணத்தை விட்டவன். என் பழைய வண்டியில் இந்தச் சத்தம் வந்தபோது முதலில் பின்பக்க வீல் பேரிங் இரண்டையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. டயர்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார், நான்கையும் மாற்றினேன். புது டயரில் ஊளை முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! கடைசியில் பழுது பினியன் பேரிங்கில் இருந்தது. பைபாஸில் இருபது கிலோமீட்டர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டியிருந்தாலே அதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

முதலில் ஒரு அடிப்படைத் தவறு. சத்தம் பின்னாலிருந்து வந்தால் அது டிஃபரன்ஷியல்தான் என்று நினைப்பது. உங்கள் வண்டியில் பின்னால் டிஃபரன்ஷியல் இருக்கிறதா? பொலிரோ, ஈகோ, பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாம் பின்சக்கரத்துக்கு விசை போகும் வண்டிகள். ஸ்விஃப்ட், எர்டிகா, இன்னோவாவிலேயே ஹைகிராஸ் ஆகியவற்றில் கிரவுனும் பினியனும் பின்னால் கிடையாது, இழுப்பதெல்லாம் முன்சக்கரம். அந்த வண்டிகளில் பின்பக்க ஊளை என்றால் வீல் பேரிங் அல்லது டயர். இன்னொன்றும் உண்டு: பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப். பல கார்களில் அது பின்சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் மெல்லிய ரீங்காரம் வந்தால் சக்கரத்தின் பக்கமே போக வேண்டாம்.

அடுத்த தவறு, சத்தம் ‘எப்போது’ வருகிறது என்று குறித்துக்கொள்ளாமல் ‘எங்கே’ வருகிறது என்று மட்டும் தேடுவது. இரும்புச் சட்டம் சத்தத்தை எங்கெங்கோ கடத்தும், காது ஏமாந்துவிடும். நேரமும் நிலையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. காலியான நேர்ச்சாலையில் சத்தம் வரும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வண்டியை இழுக்க விடுங்கள். அப்புறம் கியரிலேயே வைத்துக் காலை முழுசாக எடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, வண்டி இழுக்கவும் இல்லாமல் தடுக்கவும் இல்லாமல் மிதப்பது போல இலேசாகக் கால் வையுங்கள்.

அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால், கிரவுன் பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது, அல்லது கிரவுனும் பினியனும் சரியான இடத்தில் உரசவில்லை. காலை எடுத்த பிறகு மட்டும் வந்தால் பினியன் நட் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். பல்லின் மறுமுகத் தேய்மானம் அப்புறம். இரண்டு நிலையிலும் கரகரப்பு கலந்து வந்தால் பினியன் பேரிங்கைச் சந்தேகப்படலாம். கால் என்ன செய்தாலும் கவலைப்படாமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங் அல்லது டயர். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, யூ டர்ன் அடிக்கும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள், வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் ஸ்பைடர் கியர். கியர் போட்டுக் கிளம்பும்போது ‘டொக்’ என்று இடித்தாலோ, மெல்லப் போகையில் எலி மாதிரி கிறீச்சிட்டாலோ, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பில் இருக்கும் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். அது ஊளையிடாது.

வளைவில் சோதிப்பதையும் பலர் சொல்வார்கள். இடப்பக்கம் வளைத்தால் எடை வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகம். முன்சக்கரத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஒரே கட்டையாக இருக்கும் பின் ஆக்சிலில் அவ்வளவு தெளிவாக வராது, அதை மட்டும் நம்பி பேரிங் வாங்காதீர்கள்.

டயரைத் தப்பிக்க விடுவதும் தவறு, என்னைப் போல வீணாகத் தண்டிப்பதும் தவறு. கான்கிரீட் சாலையிலிருந்து புதுத் தார்ச் சாலைக்கு இறங்கும்போது சத்தத்தின் குணம் சட்டென்று மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் கிரவுன் ஒரே மாதிரிதான் கத்தும். சந்தேகம் தீராவிட்டால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் விஷயம் முடிந்தது. இதற்குச் செலவு கூலி மட்டும்தான்.

கியர்பாக்ஸின் சத்தத்தை டிஃபரன்ஷியல் தலையில் கட்டுவது இன்னொரு வகை. பின்சக்கர விசை கொண்ட பெரும்பாலான ஐந்து கியர் வண்டிகளில் நாலாவது கியர் ‘நேர்’ கியர். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் பற்கள் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராக ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் போய்விடும். ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நாலாவதில் மட்டும் சத்தம் அடங்கினால் குற்றவாளி கியர்பாக்ஸ். மூன்றிலும் ஒரே சுருதியில் கேட்டால் கோளாறு அதற்குப் பின்னால். எல்லா கியரிலும் எஞ்சின் ஆர்பிஎம்மோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டரோ, பவர் ஸ்டீயரிங் பம்போ, டீசல் வண்டியானால் டர்போவோ. நிறுத்திய வண்டியில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பார்த்தால் இவற்றில் சிலவற்றை உடனே பிரித்துவிடலாம்.

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒரு வழி. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 4.1. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 8 சுற்று, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 32 சுற்று. பல்லோடு பல் சந்திப்பது நொடிக்கு ஏறக்குறைய 325 முறை. சத்தத்தின் அலைவரிசையைக் காட்டும் செயலியைப் போனில் போட்டுப் பின்சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். 325 ஹெர்ட்ஸ் அருகில் கூர்மையான கோபுரம் எழுந்தால் கிரவுன்-பினியன்தான் பேசுகிறது. 32 ஹெர்ட்ஸ் என்றால் ஷாஃப்ட்டின் பேலன்ஸ், அதைக் காதைவிட உட்கார்ந்த இடம் முதலில் சொல்லும்.

இப்போது ஜாக்கி. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியர் போட்டு ஓடவிட்டுச் சத்தம் கேட்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரம் நிற்கும், தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டரில் 40 காட்டினால் அது 80இல் சுழல்கிறது. உள்ளே ஸ்பைடர் கியர்கள் சாதாரண ஓட்டத்தில் பார்க்காத வேகத்தில் அரைபடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவினால் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திச் சுற்றினாலும் பாரம் இல்லாத பற்கள் பெரும்பாலும் ஊளையிடாது. அங்கே சத்தம் வரவில்லை என்பதால் கிரவுன் நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுகளைத் தனியாகவே எழுதலாம். கிரவுனும் பினியனும் ஹைப்பாய்ட் என்ற அமைப்பு. பினியன் கிரவுனின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். 1926இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் வந்தது. ஷாஃப்ட்டைத் தாழ்த்தி, காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேய்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5 வகை ஆயில் (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக்குறி). “கியர் ஆயில் எல்லாம் ஒண்ணுதான்” என்று ஒரே டின்னிலிருந்து கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் ஊற்றுவது இரண்டுக்கும் செய்யும் துரோகம். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஜிஎல்-5 ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆக்சிலுக்கோ ஜிஎல்-4 போதாது. ஆயிலின் கெட்டித்தன்மை 80டபிள்யூ-90ஆ, 85டபிள்யூ-140ஆ என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். ஊளையை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது நோயை மறைப்பது. விற்கப்போகும் வண்டியின் ஆக்சிலில் மரத்தூள் போடும் பழைய தந்திரமும் இந்த ஜாதிதான்.

ஆயிலை இறக்கும் முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். கீழ் பிளக்கைத் திறந்து எல்லாம் கொட்டிய பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும். இறங்கிய ஆயிலைத் தூக்கி ஊற்றிவிடாதீர்கள், அது ஒரு சாட்சி. பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதிலோ துண்டோ இருந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் ஓடிய வண்டிகளுக்கு இது பொருந்தும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் ஆயிலை மாற்றுகிறவர்கள் ஆக்சிலை மறந்துவிடுவார்கள், சில மாதம் கழித்து பேரிங் ஊளையிடத் தொடங்கும்.

பிரீதர் அடைத்தாலும் வம்புதான். உள்ளே அழுத்தம் ஏறி பினியன் சீல் வழியாக ஆயில் கசியும். சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் கசியும். அந்தச் சீல் வேலையில்தான் பெரிய தவறு ஒன்று ஒளிந்திருக்கிறது. பல வண்டிகளில் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். நட்டு எங்கே இருந்தது என்று குறி வைக்காமல் கழற்றி, ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று ஏற்றினால் ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கிவிடும். நட்டைத் திருப்பித் தளர்த்தினாலும் அது நிமிராது, புதிதுதான் போட வேண்டும். “சீல் மாத்தின பிறகுதான் சத்தமே வந்தது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, நட்டை எதில் இறுக்கினார்கள் என்பதைத்தான்.

கடைசியில் கிரவுன்தான் என்று உறுதியானால் பினியனையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டையும் தொழிற்சாலையில் ஜோடியாக உரசிப் பதப்படுத்தி, பொருந்தும் எண்ணைப் பொறித்திருப்பார்கள். பழைய வண்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் ஊளை நிச்சயம். கோக்கும்போது டயல் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்துப் பல்லிடைவெளியைப் பார்க்கிறார்களா, பல்லில் நீலச் சாயம் தடவி உரசும் தடத்தைப் பார்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். இடைவெளி கார்களில் பொதுவாக 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை, அவரவர் வண்டிக்கு மேனுவலில் உள்ள அளவே முடிவு. “கையாலேயே தெரியும் சார்” என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், கை எவ்வளவு அனுபவப்பட்டதானாலும்.

புது செட் போட்டதும் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறக் கிளம்புவதும் தவறுதான். முதல் சில நூறு கிலோமீட்டர் பாரமில்லாமல் மிதமாக ஓட்டுங்கள். முதல் நாள் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆக்சில் ஆறியதும் மறுபடி எடுங்கள். அந்தச் சில நூறு கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை ஒருமுறை மாற்றிவிட்டு, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று விரலால் தேய்த்துப் பாருங்கள்.