பெல்ட் கிரைண்டர் உதறுகிறதா? உடனே சக்கரத்தைக் கழற்றாதீர்கள்

கத்தி செய்பவர்கள் வைத்திருக்கும் 2 அங்குல அகலம், 72 அங்குல நீள உப்புத்தாள் பெல்ட் ஓடும் கிரைண்டரில் உதறல் வந்தால், பழி முதலில் விழுவது ரப்பர் போட்ட பெரிய சக்கரத்தின் மேல்தான். கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் "ஒரு கட் எடுத்துக் கொடுங்க" என்பார்கள். ரப்பர் குறையும், உதறல் அப்படியே இருக்கும்.

பல நேரம் குற்றவாளி பெல்ட்டின் ஒட்டு, அதாவது இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிய இடம். 1440 ஆர்பிஎம் மோட்டாரில் பெல்ட்டை இழுத்து ஓட்டும் 6 அங்குல டிரைவ் சக்கரம் நேரடியாக மாட்டியிருந்தால், சக்கரம் நொடிக்கு 24 சுற்று சுற்றும். பெல்ட் சுமார் 6 சுற்றுதான். 'டக் டக்' என்று தனித்தனியாக அடித்தால் ஒட்டைச் சந்தேகப்படுங்கள். 'ர்ர்ர்' என்று சேர்ந்து அதிர்ந்தால் சுழலும் பாகம் எதையாவது. வேறு பெல்ட் மாட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? பெல்ட்டின் பின்புறம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் ஓட வேண்டும்.

அப்புறம், பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஓட்டுங்கள். அதிர்வு நின்றால் மற்ற சக்கரங்கள், அவற்றின் பேரிங், பெல்ட்டை நடுவில் ஓடவைக்கும் டிராக்கிங் கையின் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். நிற்காவிட்டால் மோட்டார் அல்லது டிரைவ் சக்கரம். அந்தச் சக்கரத்தையும் எடுத்துவிட்டு ஓட்டுவதானால், ஷாஃப்ட்டில் (மோட்டாரின் அச்சில்) இருக்கும் கீயை, அதாவது சக்கரத்தை அதோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டை, முதலில் எடுத்துவிடுங்கள். பறந்து வந்து அடிக்கும்.

டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவியை) நேராகச் சக்கரத்தின் விளிம்பில் வைப்பது இன்னொரு தவறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் சுற்றி, முதலில் ஷாஃப்ட்டை அளக்க வேண்டும். ஷாஃப்ட் நன்றாக இருந்தும் விளிம்பில் அவுட் காட்டினால் (முள் ஆடினால்), போர், அதாவது ஷாஃப்ட் நுழையும் துளை, லூஸாக இருக்கிறதா பாருங்கள். 0.1 மி.மீ. லூஸ் இருந்தாலே, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்க்ரூவை இறுக்கும்போது சக்கரம் ஒருபக்கம் தள்ளப்பட்டு முள் 0.1 மி.மீ. ஆடும். விளிம்பைக் கடைந்து பயனில்லை. போரில் புஷ் (உள்ளே பொருந்தும் உலோக வளையம்) போட்டுச் சரியான அளவுக்குக் கடைய வேண்டும்.

முள் ஆடவே இல்லை, ஆனாலும் உதறுகிறதா? வட்டம் சரி, எடை சரியில்லை. வார்ப்புச் சக்கரத்தில் உள்ளே ஓட்டை இருந்தால் இப்படி வரும். தடையில்லாமல் சுற்றும் பேரிங்கில் மாட்டி விட்டால், கனமான பக்கம் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நிற்கும்.

காலையில் மட்டும் வரும் உதறல் தனி ரகம். இரவு முழுக்க பெல்ட் டென்ஷனில் நின்ற ரப்பர் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.