பாதுகாப்புத் துறை ஆர்டர்: சின்னப் பட்டறை முதல் டெண்டரை எடுப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் மெஷின் (சிஎன்சி) நான்கு, மில்லிங் மெஷின் (விஎம்சி) ஒன்று, பத்துப் பதினைந்து ஆட்கள். கோவையிலோ ஓசூரிலோ இந்த அளவில் பட்டறை வைத்திருப்பவர்கள் பாதுகாப்புத் துறை என்றதுமே ஏவுகணையை நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். டாங்கிக்குள் போகும் பின், புஷ், பிராக்கெட், ஹவுசிங் எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பட்டறைகளில் கடைந்தெடுப்பவைதான். இந்த மாதிரிச் சாதாரண பாகங்களுக்குத் தொழில் உரிமமும் பொதுவாகத் தேவைப்படாது. ஆயுதம், வெடிபொருள் என்று போனால்தான் அது வேறு கதை.

1. வாங்குபவர் யார் என்று பாருங்கள்

அரசின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு இப்போது இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் அதன் 41 தொழிற்சாலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் அந்த ஏழில் ஒன்றான ஏவிஎன்எல் நிறுவனத்தில் இருக்கின்றன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஏடபிள்யூஇஐஎல் என்ற நிறுவனத்தின் கீழ் வருகிறது. அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். ஆவடி உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துடையது. தையல், துணி, வெப்பிங் (பட்டை நாடா) தொழிலில் இருப்பவர்கள் அங்கே பார்க்கலாம். இவை போக பிஇஎல் (மின்னணுக் கருவிகள்), எச்ஏஎல் (விமானங்கள்), பிஇஎம்எல் (கனரக வாகனங்கள்) என்ற அரசு நிறுவனங்களும் வாங்குகின்றன.

ஒரே நேரத்தில் எல்லோரிடமும் ஓடாதீர்கள். உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் ஒரு தொழிற்சாலையைப் பிடித்து, அதன் கடந்த ஓராண்டு டெண்டர்களை மட்டும் வாசியுங்கள். என்ன பாகம், எவ்வளவு எண்ணிக்கை, எந்த மெட்டீரியல் என்பது பிடிபட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் எந்தெந்த பாகத்தை உள்நாட்டில் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘ஸ்ரிஜன்’ தளத்தில் இருக்கிறது. அதில் போட்டி குறைவு, மாதிரி செய்யும் செலவு அதிகம். முதல் ஆர்டருக்கு அது வேண்டாம்.

2. காகிதங்கள்

உத்யம் பதிவில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உங்கள் தொழில் ‘உற்பத்தி’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வியாபாரம் என்று பதிந்திருந்தால் சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் சலுகை கிடைக்காது. டெண்டரில் கேட்டிருக்கும் பொருளை நீங்களே தயாரிப்பவராகவும் இருக்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் இஎம்டி) கிடையாது. நடுத்தர நிறுவனத்துக்கு இந்த விலக்கு இல்லை.

அடுத்து கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம். கையெழுத்து, என்கிரிப்ஷன் இரண்டும் சேர்த்து வாங்குங்கள். பிறகு மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் இ-டெண்டர் தளமான டிஃப்ப்ராக்கிலும் பதிவு செய்ய வேண்டும். ஏவிஎன்எல் போன்ற நிறுவனங்களில் வென்டர் (சப்ளையர்) பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். திறந்த டெண்டருக்கு அது அவசியமில்லை. ஆனால் லிமிடெட் டெண்டர் பதிவானவர்களுக்கு மட்டுமே போகும். பட்டறையைப் பார்க்க வருகிறவர்கள் மெஷினை விட மைக்ரோமீட்டருக்கும் கேஜுக்கும் (அளவு சோதிக்கும் கருவி) கேலிபரேஷன் சான்று, அதாவது அவை சரியாக அளக்கின்றன என்ற சான்று, இருக்கிறதா என்றுதான் துருவுவார்கள்.

3. விலை போடுவதற்கு முன்

புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். டிராயிங்கைப் பார்த்து மெஷின் நேரத்தைக் கணக்குப் போட்டு, மெட்டீரியல் விலையைக் கூட்டி, லாபம் வைத்து முடித்துவிடுகிறார்கள். விட்டுப்போவது பெரிய பட்டியல். உங்களுக்கு 80 கிலோ அலாய் ஸ்டீல் போதும். விற்பவர் 300 கிலோவுக்குக் குறைந்து தரமாட்டார். சோதனைக்கு வெட்டி உடைக்கும் பீஸ்கள், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற சோதனை லேபின் கட்டணம், புதிதாகச் செய்ய வேண்டிய கேஜ், ஹீட் ட்ரீட்மென்ட்டிலும் பிளேட்டிங்கிலும் குறைந்தபட்சத் தொகை, துருப்பிடிக்காமல் கட்டும் பேக்கிங், தொழிற்சாலை வாசல் வரை வண்டி வாடகை. 200 பீஸ் ஆர்டரில் இவை சேர்ந்து மெஷினிங் செலவையே தாண்டக்கூடும்.

டெண்டரில் ஆப்ஷன் கிளாஸ் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் வாங்குபவர் அதே விலையில் கூடுதல் எண்ணிக்கை கேட்கலாம். ஸ்டீல் விலை ஏறியிருந்தாலும் தந்தே ஆக வேண்டும்.

எல்1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) ஆகியே தீர வேண்டும் என்று விலையை அறுக்கத் தேவையில்லை. எல்1 ஒரு பெரிய நிறுவனம், விலை 1,000 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் விலை 1,150-க்குள் இருந்தால், 1,000 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதமா என்று உங்களைக் கேட்பார்கள். சம்மதித்தால் மொத்த எண்ணிக்கையில் 25 சதவீதம் வரை உங்களுக்கு. எல்1 வந்தவரே சிறு நிறுவனம் என்றால் இந்த வழி இல்லை. 1,000 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாவிட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

4. பிட் (விலைப்புள்ளி) ஏற்றுவது

பெரும்பாலும் இரண்டு உறை: டெக்னிக்கல், விலை. விலையைத் தவறிப்போய் டெக்னிக்கல் உறையில் காட்டிவிட்டால் அங்கேயே நிராகரிப்பு. விலைக்கான எக்செல் கோப்பை அவர்கள் கொடுத்த பெயரிலேயே சேமிக்க வேண்டும். பெயரையோ வரிசைகளையோ மாற்றினால் தளம் ஏற்காது. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று அந்தக் கட்டத்தின் தலைப்பைப் படித்துப் போடுங்கள்.

டெக்னிக்கல் உறையில் அடிக்கடி விடுபடுபவை: உள்நாட்டு மதிப்பு எத்தனை சதவீதம் என்ற உறுதிமொழி, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகள் குறித்த உறுதிமொழி, கடைசியாக வந்த திருத்த அறிவிப்பில் கையெழுத்து. முன் அனுபவத்திலும் டர்ன்ஓவரிலும் சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு கேட்கலாம். சேஃப்டிக்கு முக்கியமான பாகமென்றால் தரமாட்டார்கள், டெண்டரிலேயே சொல்லியிருப்பார்கள்.

டிஃப்ப்ராக்கில் எல்லாம் ஏற்றிய பிறகு ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத பிட் கணக்கிலேயே வராது. சர்வர் கடிகாரம்தான் நேரம். முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

5. ஆர்டர் வந்த பிறகு

முன்வைப்புத் தொகைக்குத்தான் விலக்கு. பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிக்கு, அதாவது ஆர்டரை ஒழுங்காக முடிப்பதற்குத் தரும் உத்தரவாதத்துக்கு, இல்லை. வழக்கமாக ஆர்டர் மதிப்பில் 3 முதல் 5 சதவீதம். வங்கி அதற்கு எஃப்டி (நிரந்தர வைப்பு) கேட்கும், அந்தப் பணம் வாரண்டி முடியும் வரை முடங்கும். டெலிவரி தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம் பிடிப்பது வழக்கம்.

முன்மாதிரி பாஸ் ஆகாமல் மொத்த உற்பத்தியைத் தொடங்காதீர்கள். ரிஜெக்‌ஷன் பெரும்பாலும் அளவில் வருவதில்லை, தடத்தில் வருகிறது: எந்தப் பீஸ் எந்த ஹீட் நம்பர் (ஸ்டீல் ஆலை ஒவ்வொரு உருக்கலுக்கும் தரும் எண்) உள்ள ஸ்டீல் பாரிலிருந்து வந்தது என்று காட்ட முடியாமல் போகும். பாரை அறுக்கும்போதே ஒவ்வொரு துண்டிலும் ஹீட் நம்பரைப் பெயின்ட்டால் எழுதி, ஜாப் கார்டிலும் குறியுங்கள். டெஸ்ட் சர்டிபிகேட் ஒரு ஹீட்டுக்கும் பொருள் இன்னொரு ஹீட்டுக்கும் இருந்தால் முழு லாட்டும் நிற்கும்.

அடுத்தது பிளேட்டிங். அதிக வலிமையுள்ள ஸ்டீலைப் பிளேட்டிங் முடித்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன், போல்ட்டை லோடில் நொறுக்கிவிடும். வெளியே கொடுக்கும் பிளேட்டிங் கடையில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டு, நேர விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். அளவு பார்க்கும்போதும் பிளேட்டிங் தடிமனைக் கழித்துத்தான் கடைய வேண்டும். திரெட்டில் இதை மறந்தால், அளவு சரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும் கோ-கேஜ் உள்ளே போகாது.

6. பணம்

பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சிறு நிறுவனங்களின் பாக்கிக்காக அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் முறையிடலாம். இதற்கு உத்யம் பதிவு ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருப்பது நல்லது. முறையிடுவதற்கு முன், பில்லின் பேரில் பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையதளத்தைப் பாருங்கள்: வாங்கியவர் பில்லை ஒப்புக்கொண்டதும் ஏதாவது ஒரு வங்கி சிறிது கழித்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடும். ஆய்வுக் குறிப்பு (பொருளைச் சோதித்து ஏற்றதற்கான தாள்), டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில் மூன்றிலும் எண்ணிக்கையும் பாக எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பில் திரும்பி வரும். அனுப்புவதற்கு முன் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.