ஓடை மின்சாரத்தைப் பேட்டரி இன்வெர்ட்டருடன் இணைக்கும் முறை

நீலகிரி போன்ற மலைப்பகுதியில், மின்கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் ஓடும் நீரோடை இருந்தால், சூரியத் தகடுகளுக்கு முன்பாக, நீரின் விசையில் சுழன்று ஜெனரேட்டரை இயக்கும் சிறிய டர்பைனைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நல்லது. மழையும் மூடுபனியும் தகடுகளை முடக்கும் மாதங்களில்தான் ஓடையில் தண்ணீர் பெருகுகிறது. மேலும் டர்பைன் இரவிலும் உழைக்கிறது.

முதலில் அளவெடுக்க வேண்டும். நீர் மிகவும் குறையும் கோடை மாதத்தில், ஓடையைச் சிறு அணையால் மறித்துக் குழாய் வழியே விட்டு, 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த அளவை நம்பி டர்பைன் வாங்குவது வீண் செலவு. நீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் வைக்கும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு படிப்படியாக அளந்துவிடலாம். ஓடை பொதுச்சொத்து என்பதால், நீரைத் திருப்புவதற்கான அனுமதியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வாளி 4 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர். உயரம் 20 மீட்டர் என்று கொள்வோம். 100 மீட்டர் நீளத்துக்கு 80 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் போட்டால் உராய்வில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமே வீணாகும். 57 மில்லிமீட்டர் குழாயில் ஆறு மீட்டர் போய்விடும். 80 மில்லிமீட்டர் குழாயில் எஞ்சும் உயரத்தை நொடிக்கான லிட்டராலும் புவியீர்ப்பு எண்ணான 9.81ஆலும் பெருக்கி, டர்பைன், ஜெனரேட்டர் இழப்புகளுக்காகப் பாதியைக் கழித்தால் சுமார் 460 வாட் கிடைக்கும். இது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், 24 மணி நேரமும் ஓடுவதால் நாளொன்றுக்கு 11 யூனிட் ஆகிறது.

ஆனால் 1000 வாட் தேய்ப்புப்பெட்டியை இந்த 460 வாட் நேரடியாகத் தாங்காது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டியிருப்பது இதற்காகத்தான். இரவு முழுவதற்கும் சேமிக்க வேண்டியதில்லை என்பதால், சூரிய மின்சாரத்துக்குத் தேவைப்படுவதைவிடச் சிறிய பேட்டரியே போதும். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவில் தொடங்கலாம். 12 வோல்ட் அமைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதே வாட்டுக்கு நான்கு மடங்கு ஆம்பியர் ஓடுவதால், டர்பைனிலிருந்து வீடு வரையிலான கம்பிச் செலவே கையைக் கடித்துவிடும். 48 வோல்ட்டிலும் 100 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் இழப்பு 20 வாட்டுக்குள் அடங்கும். 4 சதுர மில்லிமீட்டரில் 70 வாட் வரை சூடாகவே போகும்.

பலர் தவறுவது, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில். சூரியத் தகட்டுக்கான கன்ட்ரோலர், பேட்டரி நிரம்பியதும் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அதனால் தகட்டுக்கு ஒரு கேடும் இல்லை. டர்பைனிலோ, மின்சுமை நீங்கிய மறுகணமே தடையற்ற சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுழலத் தொடங்கும். நிலைக்காந்த ஜெனரேட்டராக இருந்தால் வோல்டேஜும் உடன் எகிறி, கன்ட்ரோலரையே எரித்துவிடும். ஆகவே, உபரி மின்சாரத்தை வேறொரு சுமைக்குத் திருப்பும் டைவர்ஷன் கன்ட்ரோலரைப் பேட்டரியுடன் இணைத்து, அதற்கு டம்ப் லோடாக வெப்பச் சுருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். 460 வாட் டர்பைனுக்கு 600 வாட் சுருள் பொருத்தமானது. அதைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் குளிக்க வெந்நீரும் கிடைக்கும். ஆனால் தொட்டி வற்றினால் சுருள் எரிந்துபோகும் என்பதால், காற்றில் குளிரும் சுருளையே நான் விரும்புவேன்.

லித்தியம் பேட்டரியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, வோல்டேஜ் கூடினால் முன்னறிவிப்பின்றித் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்போது பேட்டரியைச் சார்ந்த டைவர்ஷன் கன்ட்ரோலரும் பயனற்றுப்போகும். எனவே டம்ப் லோடு விழித்தெழும் வோல்டேஜைப் பாதுகாப்புச் சுற்றின் எல்லைக்குக் கீழே அமைப்பதோடு, டர்பைன் பக்கத்திலும் வோல்டேஜ் கட்டுப்பாடு ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். கிடைக்கும் அதிகபட்ச வாட்டைத் தேடி எடுக்கும் எம்பிபிடி கன்ட்ரோலரைப் பயன்படுத்துவோர், சுமையற்ற நிலையில் டர்பைன் தரும் உச்ச வோல்டேஜ் கன்ட்ரோலரின் வரம்பைத் தாண்டாது என்பதை உறுதிசெய்த பிறகே இணைக்க வேண்டும்.

டர்பைனிலிருந்து நேரே 230 வோல்ட் ஏசி எடுத்து, அதைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரின் மெயின்ஸ் முனையில் கொடுக்கும் வழியும் உண்டு. சுமைக்கேற்ப அதிர்வெண் ஏறி இறங்கினால், இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்று எண்ணி அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். மொத்தச் சுமையை மாறாமல் வைத்து அதிர்வெண்ணை நிலைப்படுத்தும் மின்னணுச் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் இந்த வழியை நாட வேண்டாம்.

இயக்கும்போது முதலில் பேட்டரியை இணையுங்கள். பிறகு டைவர்ஷன் கன்ட்ரோலரும் டம்ப் லோடும். டிசிக்கென்றே செய்யப்பட்ட பிரேக்கரைப் போட்ட பின்னரே நீர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும்: வால்வை முதலில், அதுவும் மெதுவாக, மூட வேண்டும். சட்டென்று மூடினால் குழாயில் ஓடிவரும் நீரின் அடி இணைப்புகளைப் பிளந்துவிடும். சக்கரம் நிற்குமுன் கம்பியைக் கழற்றினால் ஜெனரேட்டர் கட்டுப்பாடின்றி ஓடும்.