கொண்டை வல்லூறு குறைகிறதா? குமுளிப் பக்கம் நீங்களே கணக்கெடுக்கலாம்

குமுளி, வண்டிப்பெரியாறு ஏலத்தோட்டங்களில் பெரியவர்களிடம் கேட்டால், "முன்னெல்லாம் வல்லூறு நிறைய வரும்" என்பார்கள். அது சரிதானா என்று பார்க்க பைனாகுலரும் போனும் போதும். ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

1. ஆளை அடையாளம் காணுங்கள். ஊருக்குள் ஓணான் பிடிப்பது சின்ன வல்லூறு. காட்டுக்காரரான கொண்டை வல்லூறு அதைவிடப் பருமன். பிடரியில் சிறு கொண்டை, வெள்ளைத் தொண்டையின் நடுவே அழுத்தமான ஒரு கருங்கோடு, வாலில் அகலமான பட்டைகள். இணைசேரும் காலத்தில் வாலடி வெள்ளை இறகுகளைப் பஞ்சுபோல் உப்பவிட்டு, இறக்கையை நடுக்கியபடி மரங்களுக்கு மேலே பறக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அக்காக்குயிலிடம் ஏமாந்துவிடாதீர்கள், தோற்றம் வல்லூறுதான், அலகு மட்டும் கொக்கிபோல் வளைந்திருக்காது.

2. ஒரே பாதை. காட்டோரத் தோட்டச்சாலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே தூரம், அதே நேரம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

3. பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எழுதுங்கள். பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் (eBird) செயலியில் முழுப் பட்டியலாகப் பதியுங்கள். கொண்டை வல்லூறு வராத நாளின் பட்டியலும் கட்டாயம் வேண்டும். புதியவர்கள் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த படியே கிடையாது.

4. விகிதம் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, முதல் வருஷம் 40 பட்டியல், 6-ல் வல்லூறு. அடுத்த வருஷம் 80 பட்டியல், 9-ல் வல்லூறு. 6 என்பது 9 ஆனதும் கூடிவிட்டது என்று தோன்றும். உண்மையில் 15 சதவீதம் 11 சொச்சமாக இறங்கியிருக்கிறது! நாம் அதிகம் நடந்ததால்தான் அதிகம் பார்த்தோம். இது தலை எண்ணிக்கை இல்லை, கண்ணில் படும் விகிதம். 942 இனங்களை அலசிய 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும் பட்டியல்களில் பதிவாகும் விகிதத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது.

5. அவசரப்பட வேண்டாம். இரண்டு வருஷத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று மூன்று வருஷமாகச் சேர்த்துச் சராசரி பாருங்கள். மழைமாதத்தை மழைமாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஜூன், ஜூலை மூடுபனியில் பறவை இருந்தாலும் தெரியாது. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுக்க எடுத்த பறவை வரைபடத் தரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கூடு கண்ணில் பட்டால் இடத்தை யாருக்கும் பகிராதீர்கள். குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் அடிக்கடி போகவும் வேண்டாம்.