வாயில் வெள்ளைத் திட்டா? மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

மும்பை தாராவியில் யாரிடம் வாய்ப்புண்ணைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மே மாசம் ஊருக்குப் போறப்ப திருநெல்வேலியில காட்டிக்கிறேன்." சரி, புண் அதுவரை சும்மா இருக்குமா? நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ மூட்டை முடிச்சோடு ஆட்கள் தேடி வரும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி நமக்கு சயானிலிருந்து ஸ்லோ வண்டியில் மூன்றாவது ஸ்டேஷன், பரேலில் இருக்கிறது.

முதல் வேலை வீட்டிலேயே. கண்ணாடி முன் நின்று மொபைல் டார்ச்சை அடித்து உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள், முக்கியமாக மாவாவை (பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்தது) எந்தப் பக்கம் அடக்கிக்கொள்வீர்களோ அந்தப் பக்கம். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அப்புறம் மூன்று விரலைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, குழம்பில் கொஞ்சம் காரம் இருந்தாலே எரிகிறது என்றால் அநேகமாகப் பாக்கு செய்த வேலை. கன்னத்தின் உள்பக்கம் நார் போல இறுகிக்கொண்டே வரும். "நான் தம்பாக்கு தொடுறதில்லை, வெறும் சுபாரிதான்" என்று புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போடுபவர்களும் தப்பவில்லை, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. மிஸ்ரியால் பல் விளக்கும் அக்காமார்களே, அது பல்பொடி இல்லை, வறுத்த புகையிலை.

ஒன்றும் தெரியாவிட்டாலும் 30 வயதுக்கு மேல் வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் சேர்த்து. பக்கத்து முனிசிபல் ஹெல்த் போஸ்டில் எங்கே, எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள், விஷயம் ரொம்பச் சின்னது: வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள், முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். மாதவிலக்கு நாளில் மட்டும் போகாதீர்கள். இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களை வைத்து டாடா மெமோரியல் நடத்திய ஆய்வில், பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களே பயிற்சி எடுத்து இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 31 சதவீதம் குறைந்தது என்று 2013-இல் அறிவித்தார்கள்.

இனி புகையிலையையும் பாக்கையும் விடுவதைப் பற்றி. குட்காவுக்கு மகாராஷ்டிராவில் 2012-லேயே தடை, கிடைக்கும் இடம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புகையிலைப் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று அச்சடித்திருக்கும், கூப்பிட்டால் காசு கிடையாது, எப்படி விடுவது என்று பேசி உதவுவார்கள். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அந்த நேரத்துக்குச் சோம்போ ஏலக்காயோ பையில் இருக்கட்டும். சுபாரி வேண்டாம், அது கழுதையை விட்டுக் குதிரை ஏறுவது இல்லை, அதே கழுதைதான்.

குடிக்கு மட்டும் வேறு வழி. தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தவைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறிப் பேசலாம், உயிருக்கே ஆபத்து. சயான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அவர் வரவே மாட்டேன் என்றால் நீங்களாவது 14446-க்குப் போன் செய்யுங்கள், போதைப் பழக்கத்துக்கான அரசு உதவி எண் அது. மனம் உடைந்து கிடக்கும் வீட்டாருக்கு 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆதார், பழைய கேஸ் பேப்பர் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். சதை எடுத்துச் சோதிக்கத் தேதி கொடுத்தால், ஊர் டிக்கெட்டை அதற்கு அப்புறம் போடுங்கள்.