கடல்நீர்த் தொட்டியில் பாசி: குன்னூரில் நான் சரிசெய்த விதம்

தொட்டி வைத்த மூன்றாவது வாரமே மணல், கல், கண்ணாடி எல்லாம் பழுப்பாகப் படிந்துவிட்டது, துடைத்தால் மறுநாள் காலையில் திரும்ப வந்து நிற்கும். அது டயாட்டம் என்ற நுண்ணிய பழுப்புப் பாசி. தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட்தான் அதற்குத் தீனி, நானோ குழாய்த் தண்ணீரில் உப்பு கலக்கியிருந்தேன். ஆர்.ஓ.வோடு, அது விட்டுவைப்பதையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் போட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டிய தண்ணீரில் மட்டும் உப்பு கலந்து வாராவாரம் 10 சதவீதம் மாற்றினேன், பழுப்பு மெல்ல விட்டது.

அப்புறம் வந்த பச்சை முடிப்பாசிதான் அழவைத்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேங்கினால் வருவது. உறைந்த இறாலை உருகிய தண்ணீரோடு கொட்டி நானேதான் அவற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வலையில் வடித்து அலசி, இரண்டு கோமாளி மீன்களும் உடனே தின்று தீர்க்கிற அளவுதான். விளக்கை 11 மணி நேரத்திலிருந்து 7 ஆக்கினேன், ஜன்னல் வெயிலுக்குத் திரை. கல்லை வெளியே எடுத்து, கடல்நீர் ஊற்றிய பக்கெட்டில் வைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பரவிவிடும். மிச்சத்தை நான்கு டர்போ நத்தைகள் மேய்ந்தன.

முடிப்பாசி ஒழிய இரண்டு மாதமானது. பாசிக்குப் பயந்து ஹீட்டரை மட்டும் குறைக்காதீர்கள், இங்கே டிசம்பர் இரவுக் குளிரை கோமாளி மீன் தாங்காது. நான் 25 டிகிரியிலேயே வைத்திருக்கிறேன்.